அஜின்கோர்ட்டில் ஜெயித்தது வில் மட்டும்தானா?

வட பிரான்சில் இங்கிலாந்துப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த அஜின்கோர்ட் சண்டை என்று ஆரம்பித்தாலே "இங்கிலாந்து அம்புகள் பிரெஞ்சு இரும்புக் கவசத்தைச் சல்லடையாக்கின" என்று முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. 1415 அக்டோபர் 25 அன்று அம்பு செய்த முக்கியமான வேலை, எதிரியை ஒரு மூலைக்குள் ஓட்டிச் சேர்த்தது. அவர்களை வீழ்த்தியதில் சேற்றுக்கும் நெரிசலுக்கும்தான் பெரிய பங்கு.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டுக்கு 24 அம்பு. ஆளுக்கு இரண்டு கட்டு என்று வைத்துக்கொண்டால் 48. நிமிடத்துக்கு ஆறு என்று நிதானமாக விட்டாலும் எட்டே நிமிடத்தில் காலி. "நிமிடத்துக்குப் பன்னிரண்டு" என்று பெருமையடிப்பவர்கள், நாலு நிமிடம் கழித்து அந்த வில்லாளிகள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

வில் சாதாரண வில் இல்லைதான். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த யூ மர வில்களின் இழுவிசை சுமார் 100 முதல் 185 பவுண்டு வரை என்று மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் 160 பவுண்டு வில்லை வைத்து இந்தக் காலத்தில் செய்து பார்த்த சோதனையில், நல்ல மார்புக் கவசம் துளைபடவில்லை. அம்பு நொறுங்கிச் சிதறியது. முகமூடியின் கண் இடுக்கு, அக்குள், கவசமில்லாத குதிரையின் விலா, பின்புறம்: அம்புக்கு வழி அங்கேதான்.

என்னைக் கேட்டால் அன்றைய தீர்ப்பு முதல் அம்புக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அசையவில்லை, காத்திருந்தால் லாபம் அவர்களுக்குத்தான். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் ஆட்களோ ஹார்ஃப்ளூர் என்ற பிரெஞ்சுத் துறைமுக ஊரின் முற்றுகையில் தொற்றிய வயிற்றுக்கடுப்போடு, பசியோடு நடந்து வந்தவர்கள். அதனால் அவரே படையை நகர்த்தினார். குதிரைகளைத் தடுக்க நட்டிருந்த கூர்முனைக் கழிகளை வில்லாளிகள் பிடுங்கி, அம்பு எட்டும் தூரத்துக்குப் போய் மறுபடி நட்டார்கள். கழி கையில் இருந்த அந்தச் சில நிமிடங்களில் குதிரைப்படை பாய்ந்திருந்தால் கதையே வேறு. பாயவில்லை.

பிறகு பாய்ந்தபோது, திட்டமிட்ட அளவுக்கு ஆட்களே குதிரையில் இல்லை. இரு பக்கமும் காடு, சுற்றிப் போக வழியில்லை, எதிரே கழிகள். அம்பு பட்ட குதிரைகள் வெறிபிடித்துத் திரும்பி, பின்னால் நடந்து வந்த தங்கள் காலாட்களுக்குள்ளேயே புகுந்தன.

அந்தக் காலாளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உடம்பில் இருபது, இருபத்தைந்து கிலோ இரும்பு. கோதுமை விதைக்க உழுத வயல், இரவு முழுக்க மழை, போதாததற்குக் குதிரைகள் மிதித்துக் குழப்பிய சேறு. கண்ணில் அம்பு படாமலிருக்க முகமூடியை இறக்கி, தலையைக் குனிந்து நடக்கிறான். மூச்சு உள்ளேயே சுற்றுகிறது. ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கித்தான் அடுத்த அடி. பக்கவாட்டில் அம்பு வர வர ஆட்கள் நடுவே ஒதுங்குகிறார்கள், பின்வரிசை தள்ளுகிறது. எதிரியிடம் போய்ச் சேரும்போது கோடரியை ஓங்கக்கூட இடமில்லை. முன்னால் இருப்பவன் விழுந்தால் எழ முடியாது. கவசத்தின் எடை காரணமில்லை (அதைப் போட்டுக்கொண்டு விழுந்து எழலாம், ஓடலாம்). மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்து கிடப்பதுதான் காரணம். அம்பு தீர்ந்த வில்லாளிகள் கழிக்குப் பின்னாலிருந்து இறங்கியது அப்போதுதான். கனமான கவசம் இல்லாததால் சேற்றில் அவர்களுக்குக் கால் ஓடியது. கையில் சுத்தியலும் கோடரியும் குத்துவாளும்.

இத்தனைக்கும் பிரெஞ்சுப் படையிலும் குறுக்குவில் வீரர்கள் இருந்தார்கள். பிரபுக்கள் முன்வரிசைக்கு முண்டியடித்ததில் அவர்கள் பின்னால் சும்மா நின்றார்கள். இதைவிடப் பெரிய மடத்தனம் அந்த வயலில் நடக்கவில்லை.

இன்னும் "வில்தான் எல்லாம்" என்பவர்கள் 1429 ஜூன் 18 அன்று பிரான்சில் இதே இரு தரப்பும் மோதிய பட்டே சண்டையைப் பார்க்கலாம். அதே வில், அதே அம்பு. காட்டிலிருந்து ஓடிவந்த ஒரு மானைக் கண்டு இங்கிலாந்துக்காரர்கள் கூச்சல் போட, அவர்கள் இருக்கும் இடம் பிரெஞ்சு ஒற்றர்களுக்குத் தெரிந்துவிட்டதாகக் குறிப்பு இருக்கிறது. வில்லாளிகள் கழிகளை நட்டு முடிப்பதற்குள் குதிரைப்படை மேலே வந்துவிட்டது. இங்கிலாந்துத் தளபதி டால்பட் உயிரோடு பிடிபட்டார்.