முதலில் நகரத்தின் மோட்டாரை எண்ணுங்கள்

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். உணவு, நீர், ஆற்றல் மூன்றையும் சேர்த்து ஆராய்வதில் நகரங்களின் பங்கு என்ன என்று ஏசி அரங்கில் கூட்டம். "இலவச கரண்ட் கொடுத்ததால் விவசாயிக்குத் தண்ணீரின் அருமை தெரியவில்லை, விழிப்புணர்வு தேவை" என்கிறார் மேடையில் இருந்தவர். கைதட்டல். கடைசி வரிசையில் தோளில் துண்டோடு இருந்த பெரியவருக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லி, ஒன்றரை நிமிடத்தில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் பொறுத்தேன். முடியவில்லை.

நகரங்கள் இந்த ஆராய்ச்சிக்குள் வருவது நல்லதுதான். புனேயும் ஜோர்டானின் அம்மான் நகரமும் இப்படியோர் ஆய்வில் சேர்ந்தவை. கடக்வாஸ்லா அணைத் தண்ணீர் புனே நகரத்துக்கா, கீழே இருக்கும் பாசனத்துக்கா என்று வெகுகாலமாக இழுபறி. அங்கே ஆராயாமல் வேறு எங்கே ஆராய்வது? ஆனால் நகரம் வாத்தியாராக வந்து உட்காருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கை நகரத்திலிருந்து தொடங்குங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சென்னையையே எடுங்கள். மீஞ்சூரில் 2010-இல், நெம்மேலியில் 2013-இல், நாளுக்குத் தலா பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் ஆலைகள் வந்தன. 2024-இல் நெம்மேலியிலேயே இன்னொன்று, 15 கோடி. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். பத்துக் கோடி லிட்டருக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு லட்சம் யூனிட். அதைக் குழாயில் தள்ளுவது, அப்புறம் சம்ப்பிலிருந்து என் நாலாவது மாடிக்கு ஏற்றுவது எல்லாம் தனி. வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்துக் கழனிகளுக்குப் பாய்வது. அதன் தண்ணீர் 2004-லிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வந்து நம் பாத்திரம் கழுவுகிறது. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயிலேறியே வந்தது. விழிப்புணர்வு யாருக்கு வேண்டும்?

இலவச மின்சாரமா? 2016-லிருந்து வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏசி ஓடும் என் வீட்டுக்கும் உண்டு. என்னை உட்காரவைத்து யாரும் வகுப்பெடுக்கவில்லையே?

எங்கள் ஊர், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி. பம்புசெட் ஓட வேண்டிய மும்முனை மின்சாரம் அப்போதெல்லாம் ராத்திரியில்தான் வரும். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்குக் கழனிக்குப் போவார், மோட்டாரைப் போட. பாம்பு பயத்தில் அம்மா தூங்கமாட்டாள். கரண்ட் போய்ப் போய் வரும், மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும். அதற்கு ஆன செலவை எந்த 'இலவச'க் கணக்கில் சேர்ப்பது? தண்ணீரின் அருமை அவருக்குத் தெரியாதாம்.

"அப்படியானால் இலவச மின்சாரத்தால் நிலத்தடி நீர் இறங்கவில்லையா?" என்பீர்கள். இறங்கியிருக்கிறது. மறுக்கவில்லை. அதற்கும் வழி தேட வேண்டும், சரி.

"உங்கள் பக்கத்து விவசாயிகள்தான் கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு விற்றார்களே?" என்று ஒருவர் போன பதிவிலேயே கேட்டிருந்தார். ஆமாம், விற்றார்கள். என் அப்பாவும் விற்றார். சொல்லிவிட்டேன், போதுமா? 2019 கோடையில் நெல் வைத்தால் கையைக் கடிக்கும், லாரிக்காரர் கையில் பணத்தோடு நிற்கிறார். விற்ற அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. காய்ந்த கழனியைத் தாண்டி லாரி போனதை இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, வாங்கியது யார்? அதே மாதம் எங்கள் அபார்ட்மெண்ட்டில் வாரம் மூன்று லாரி. விற்றவன் குற்றவாளி, வாங்கிக் குளித்தவன் நிபுணன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்!

"ஆராய்ச்சிக்கே எதிரி" என்று முத்திரை குத்த ஒரு கூட்டம் வரும். வரட்டும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்த அளவுக்காவது ஏரித் தண்ணீர் மிஞ்சும். இதைத்தான் ஆராயுங்கள், பெருக்குங்கள் என்கிறேன். இதெல்லாம் நகரம் தன் வீட்டைக் கூட்டுகிற வேலை. அடுத்தவன் கழனியில் போய்ப் பாடம் எடுக்கிற வேலை இல்லை.

அந்தப் பெரியவர் மீதி அரை நிமிடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். வீடியோவை அப்பாவுக்குக் காட்டவில்லை. யாரோ ஏற்கெனவே காட்டிவிட்டார்கள் போல. நேற்று போனில் கேட்டார், "அவருக்குச் சாப்பாடாவது போட்டு அனுப்பினாங்களாடா?"

கமெண்ட்டில் 'பம்புசெட்டுக்கு மீட்டர் வையுங்கள்' என்று எழுத வருகிறவர்களே, உங்கள் அபார்ட்மெண்ட்டுக்கு வரும் லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று விசாரித்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசுவோம்.