வீட்டுச் சேர்வருக்கு ஒரு வாசல் வேண்டும்

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரொறன்ரோவிலிருந்து மச்சாளின் அழைப்பு. அங்கே அப்போது இரவு எட்டு மணி, பிள்ளைகள் படுக்கப் போகும் நேரம். "மச்சான், மாமாட பாட்டு வருதில்ல. புள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவம் எண்டு பாத்தன், திறக்கவே இல்ல" என்றாள். எழும்பிப் போய்ப் பார்த்தால் அலுமாரிக்கு மேலே இருக்கும் பெட்டியில் (என் இணையத்தளத்தை ஓட்டும் சேர்வர், சின்னக் கணினி) லைட் இல்லை, ரவுட்டரின் வயரும் கழன்று தொங்குகிறது. இரவு இடி முழங்கியிருக்கிறது. அம்மா எழும்பி வீட்டிலுள்ள எல்லா வயரையும் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறா.

அம்மாவில் பிழை இல்லை. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மட்டக்களப்பில் இடி எப்படி விழும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். செம்புக் கம்பி டெலிபோன் லைன் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மோடம் அப்படித்தான் எரிந்தன. இப்போது பைபர். அந்தக் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, ஆனால் கரண்ட் வயர் வழியாக அடப்டருக்குள் வரும், அங்கிருந்து லேன் வயரில் ஏறிப் பெட்டிக்கும் போகும். ஆகவே இடி கேட்டால் கழற்றத்தான் வேண்டும், கழற்றினால் இணையத்தளம் நின்றுவிடும்.

"வீட்டில் ஏன் சேர்வர் வைத்துக் கஷ்டப்படுகிறாய்" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே தரமாக எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

என் பெரியப்பா மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஏட்டண்ணாவியாராக, அதாவது கூத்து ஏட்டைப் பார்த்துப் பாடிப் பழக்குபவராக இருந்தவர். தென்மோடி, வடமோடி என்ற இரண்டு வகைக் கூத்தும் பழக்கியவர். களரியில் விடிய விடிய நின்று அவர் பாடிய தருக்களை (கூத்துப் பாட்டுகளை) அவருடைய மகன் கசெற்றில் பிடித்து வைத்திருந்தார். பதினான்கு கசெற். அதன் பிறகு போனில் நாங்கள் பிடித்தவை, அடுக்குப் பார்க்கும் (ஒத்திகை) நாட்களில் எடுத்தவை, அவர் கைப்பட எழுதிய கொப்பிகளின் படங்கள் என்று எல்லாமாக முப்பது மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. மத்தளமும் சல்லரியும் ஒன்றாகக் கேட்கும் இடத்தில் கசெற் இரைச்சல் கூடவே வரும், அதையும் சுத்தம் செய்யாமல் அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

முதலில் இவற்றை ஒரு பெரிய காணொளித் தளத்தில்தான் போட்டேன். எட்டு மாதம் இருந்தது. ஒரு நாள் தானியங்கிச் செய்தி வந்தது, அதில் ஒரு பாட்டு வேறொரு கம்பனியின் உரிமை என்று. பெரியப்பா எங்கள் முற்றத்தில் இருந்து பாடிய வரவுப் பாட்டு அது! முறைப்பாடு எழுதினேன், அதற்கும் தானியங்கிதான் பதில் சொன்னது. மூன்றாவது முறை கணக்கே போய்விட்டது. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது எத்தனையோ பேருடைய பக்கங்கள் அதோடு போனது நினைவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், மூலப் பிரதி என் வீட்டில், என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கேட்க விரும்புகிறவர்கள் அங்கே வந்து கேட்கட்டும் என்று.

கரண்ட் பிரச்சினையை எல்லோரும் முதலில் சொல்வார்கள். உண்மைதான், 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்களே, அந்தக் கிழமையில் என் பெட்டிக்குள் இருக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் எஸ்டி கார்ட் செத்துப்போனது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தச் சின்னக் கார்ட் தாங்காது. மறுகா ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன், ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ், பழைய பற்றரி ஒன்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனபோது எங்கள் தெருவில் மின்விசிறி ஒன்றும் சுற்றவில்லை, என் தளம் மூன்று மணித்தியாலம் ஓடியது. பைபர் லைனில் இடையில் கரண்ட் தேவைப்படும் கருவி பெரும்பாலும் கிடையாது, அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடினால் இந்தப் பக்கம் வீட்டில் பற்றரி இருந்தால் போதும்.

செலவும் பெரிதல்ல. பழைய டெஸ்க்டொப் ஒன்றை 60 வாட்ஸில் இரவு பகலாக ஓடவிட்டால் மாதம் 43 யூனிட் தின்னும், வீட்டு மின் பட்டியலில் அது அடுத்த படிக்கே தள்ளிவிடும். இந்தப் பெட்டி 7 வாட்ஸ், மாதம் 5 யூனிட். உப்புக் காற்று, வெக்கை, எறும்பு எல்லாம் இருக்கின்றன. கல்லடியில் கடலுக்கு இந்தத் தூரத்தில் இருந்துகொண்டு துருப்பிடிப்பதைப் பற்றி முறைப்பட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் திறந்து துடைக்கிறேன், அவ்வளவுதான்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என்னைச் சோர வைத்த விசயம் வேறு.

முதல் மூன்று வருடமும் வீட்டு லைனின் இணைய முகவரி (ஐபி முகவரி) அடிக்கடி மாறும். ரவுட்டர் ஓஃப் ஆகி ஓன் ஆனால் புது முகவரி. அதற்கு ஒரு சின்ன நிரல் போட்டு, முகவரி மாறியவுடன் டொமைன் பெயரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவேன். நன்றாகவே ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து வெளியில் யாருக்கும் தளம் திறக்கவில்லை. நான் இரண்டு நாள் என் பெட்டியைத்தான் சந்தேகித்தேன். இணையப் பக்கங்கள் வந்துபோகும் கதவுகளான போர்ட் 80, 443 இரண்டையும் அழித்துத் திரும்பத் திறந்தேன், வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வோலை முழுதாக ஓஃப் பண்ணிப் பார்த்தேன். வீட்டுக்குள் இருந்துகொண்டு என் தளத்தைத் திறப்பதும் இதே ரவுட்டரில் எப்போதுமே சரிவராது, அதனால் மொபைல் டேட்டாவைப் போட்டு முற்றத்தில் நின்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மூன்றாம் நாள்தான் ரவுட்டரின் பக்கத்தில் வெளி முகவரியைக் கவனித்தேன். 100.70 சொச்சம் என்று ஏதோ தொடங்கியது. வெளித்தளம் ஒன்றில் பார்த்தால் உலகத்துக்குத் தெரியும் முகவரி வேறு.

விசயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய ஐபி முகவரி 32 பிட், மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான் இருக்க முடியும். உலகப் பொதுக் களஞ்சியத்தில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பெப்ரவரியில் பிராந்தியங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து முடித்தார்கள். 2012இல் 100.64 முதல் 100.127 வரைக்கும் உள்ள முகவரிகளை, சேவை கொடுக்கும் கம்பனிகள் தங்களுக்குள்ளே பாவிக்க ஒதுக்கினார்கள். அதாவது பல வீடுகளுக்கு ஒரே ஒரு பொது முகவரி. ஒரு வளவுக்குள் ஐம்பது வீடு, ஒரே படலை, படலையில் ஒரு காவல்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே போனால் அவருக்கு வரும் பதிலைக் காவல்காரர் நினைவு வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். வெளியிலிருந்து ஒருவர் முதல் ஆளாக வந்து "அண்ணாவியார் வீடு எது?" என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். என் மச்சாளைத் திருப்பி அனுப்பினார், லண்டனில் இருக்கும் பெரியப்பாவின் மகளையும் திருப்பி அனுப்பினார். வளவுக்குள் இருக்கும் எனக்கு யார் வந்து போனார்கள் என்பதுகூடத் தெரியாது.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "சேர், உங்களுக்கு வீடியோ எல்லாம் வருதுதானே?" வருகிறது. "அப்ப லைன் சரி சேர்." நாலாவது அழைப்பில்தான் விளங்கிய ஒருவர் கிடைத்தார். நிலையான பொது முகவரி வேண்டுமென்றால் வியாபாரப் பொதிக்கு மாற வேண்டும் என்றார், மாதக் கட்டணம் பல மடங்கு.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். லைன் சரி என்பதன் அளவுகோல் வீடியோ வருவது மட்டும்தானா? எங்கள் வீட்டிலிருந்து ஒன்று வெளியே போவதும் இணையம்தானே. பொதியின் வேகத்தையும் பாருங்கள், கீழிறக்கம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், மேலேற்றம் எவ்வளவு என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்குக் கிடைப்பது 5 மெகாபிட் அளவு. ஒருவர் ஒரு பாட்டை 128 கிலோபிட்டில் கேட்டால், ஒரே நேரத்தில் 35 பேருக்கு மேல் தாங்காது. ஒரு ஊர்க் கூத்துக்குக் களரியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. கிராமத்தில் இருப்பவன் வாங்கிப் பார்ப்பவன், கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றும் இருக்காது என்று யாரோ முன்கூட்டியே முடிவெடுத்த மாதிரி இருக்கிறது. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கொடுப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முகவரித் தட்டுப்பாடு என்று சொல்வதையும் இப்போது முழுதாக ஏற்க முடியாது. ஐபி ஆறாம் பதிப்பு 128 பிட், வீட்டிலுள்ள குண்டு பல்புக்குக்கூட ஒரு முகவரி கொடுத்தாலும் முடியாது. எங்கள் லைனில் அது வருகிறது. ஆனால் அவர்கள் தந்த ரவுட்டர் உள்ளே வரும் எதையும் தடுக்கிறது, அதைத் திறக்கும் இடத்தையே அமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை மட்டும் திறந்து விட்டாலே எங்களைப் போன்றவர்களின் பாதிப் பிரச்சினை தீரும், யாருக்கும் சதச் செலவு இல்லை.

இப்போது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், செய்ய விரும்புகிறவர்களுக்கு உதவும். சிங்கப்பூரில் இருக்கிற மிகச் சிறிய வாடகைச் சேர்வர் ஒன்றை எடுத்தேன். என் பெட்டி உள்ளேயிருந்து வயர்கார்ட் என்ற மென்பொருள் மூலம் அதற்கு ஒரு சுரங்கப் பாதை போட்டு, 25 வினாடிக்கு ஒரு தரம் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பிக்கொண்டே இருக்கும், அப்போதுதான் காவல்காரர் பாதையை மறக்காமல் இருப்பார். மச்சாள் சிங்கப்பூர் முகவரிக்கு வருகிறாள், அங்கிருந்து அந்தப் பாதை வழியாகக் கல்லடிக்கு வருகிறாள். பாட்டுகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன, அங்கே ஒரு கோப்பும் இல்லை. ஆனாலும் வாசலுக்கு வாடகை கொடுக்கிறேன், டொலரில். ரூபாய் விழுந்த வருடத்தில் அந்தச் சின்னத் தொகையும் சின்னதாக இருக்கவில்லை.

பிரவுசரில் தளத்துக்கு வரும் பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் இலவசம், 90 நாள் செல்லும், முடியும் முன்பே தானாகப் புதுப்பிக்கும். புதுப்பிக்கும் நேரம் போர்ட் 80 அடைபட்டிருந்தால் புதுப்பிக்காது, காலாவதியாகப் போகிறது என்று முன்பு மெயில் அனுப்புவார்கள், 2025இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். டொமைன் பெயரின் டிஎன்எஸ் பதிவு வழியாகச் சரிபார்க்கும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு எந்தப் போர்ட்டும் திறந்திருக்கத் தேவையில்லை.

அப்புறம் அழைக்காதவர்கள் வருவது. தளத்தைத் திறந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, வந்து போகிறவர்களைப் பதியும் லொக் கோப்பில் ரூட், அட்மின், பை என்ற பெயர்களில் எங்கெங்கோ இருந்து பாஸ்வேர்ட் அடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான் வேர்ட்பிரஸ் பாவிப்பதே இல்லை, ஆனாலும் அதன் லொகின் பக்கத்தைத் தேடி நாள் முழுக்கத் தட்டுவார்கள். பாஸ்வேர்ட் முறையை அடைத்துச் சாவிக் கோப்பு மட்டும் வைத்தால் இதற்குப் பயப்படத் தேவையில்லை. இந்த இரண்டு வருடமாக வரும் செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகளின் சேகரிப்பு நிரல்கள்தான் பெரும் தொல்லை. ஒரே பாட்டுக் கோப்பை ஒரே இரவில் நாற்பது தரம் இறக்கிய நாளும் உண்டு. வராதே என்று எழுதி வைக்கும் கோப்பு 1994இலிருந்து இருக்கும் வழக்கம், ஆனால் அது ஒரு வேண்டுகோள்தான், மதிப்பவர் மதிப்பார். அன்றிரவு என் 5 மெகாபிட்டையும் அவை குடித்துவிட்டன, பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டு விக்கி விக்கி வந்தது. அவர்களுக்காகத்தான் வைத்தேன், இவர்களுக்காக இல்லை.

பெரிய எண்ணிம நூலகங்களுக்குக் கொடுத்துவிடலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும், மறுப்பே இல்லை. 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் போன்ற முயற்சி 2005இலிருந்து எங்கள் மக்களுக்குச் செய்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து இழந்த அனுபவம் எங்களுக்கு இருக்கிறது, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும், இன்னும் நாலு வீட்டிலும் இருக்கட்டும்.

அதற்காகத்தான் இந்தப் பதிவு. அம்மா வயரைக் கழற்றும் இரவில் பதில் சொல்ல இரண்டாவது பெட்டி ஒன்று வேண்டும். இடி ஒரே நேரத்தில் விழாத தூரத்தில், அக்கரைப்பற்றிலோ திருக்கோவிலிலோ வாழைச்சேனையிலோ யாராவது இருக்கிறீர்களா? உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் இல்லாமல், '10.' அல்லது '192.168.' என்றும் தொடங்காமல் இருந்தால், பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குச் சொந்த வாசல் இருக்கிறது. உள்பெட்டியில் எழுதுங்கள், முகவரியைப் பொதுவில் போட வேண்டாம். பெட்டியையும் பற்றரியையும் நானே பஸ்சில் கொண்டுவந்து வைத்துத் தருகிறேன்.