அர்டுயினோ ஊனோவில் டபுள் போட்டால் தசமம் வெட்டுப்படாதா?

அர்டுயினோ ஊனோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டிலிருந்து கணினியின் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு எண்களை அனுப்பும்போது தசம இலக்கங்கள் வெட்டுப்படுகின்றன என்றால், "ஃப்ளோட்டை டபுள் ஆக்குங்கள், தசமம் சரியாகப் போகும்" என்று சிலர் சொல்கிறார்கள். ஃப்ளோட், டபுள் இரண்டும் தசம எண்களை வைக்கும் மாறி வகைகள். ஊனோவில் (R3 வரையிலான பழைய போர்டுகளைச் சொல்கிறேன்) அது உதவாது. அதில் டபுளும் 4 பைட்தான், ஃப்ளோட்டும் 4 பைட்தான். இரண்டிலும் ஏறத்தாழ 7 இலக்கத் துல்லியம்தான். டியூ போன்ற வேறு அர்டுயினோ போர்டுகளில் டபுள் 8 பைட்.

உண்மையில் வெட்டுவது சீரியல்.பிரிண்ட், அதாவது எண்ணை எழுத்தாக்கிக் கணினிக்கு அனுப்பும் கட்டளை. இலக்க எண்ணிக்கை சொல்லாவிட்டால் அது இரண்டு தசமத்தோடு நிறுத்திவிடும். நானும் சிமுலேட்டர் விமானத்துக்கு ரேடியோ பேனல் செய்தபோது 118.005 (மெகாஹெர்ட்ஸ்) அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது 118.00. டபுளுக்கு மாற்றியும் அதே 118.00. ஒரு மாலை முழுக்க வயரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கமாக அமைந்த விமான ரேடியோ சேனல்களில் அந்த மூன்றாவது இலக்கம் போனால் சேனலே வேறு.

சீரியல்.பிரிண்ட்(x, 3) என்று எழுதினால் உடனே சரியாகிவிடும். ஆனால் தசமத்தையே அனுப்பாமல் இருப்பதுதான் நல்லது. 118005 என்று கிலோஹெர்ட்ஸில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருப்பும்போது கூட்டுவதும் கழிப்பதும் அதிலேயே நடக்கட்டும், புள்ளியைத் திரையில் காட்டும்போது வைத்தால் போதும். அப்புறம் ஒன்று, மாறி லாங் (பெரிய முழு எண் வகை) ஆக இருக்க வேண்டும். இந்த ஊனோவின் இன்ட் (சாதாரண முழு எண் வகை) 32767-ஐத் தாண்டாது.