கல்லு காய்ஞ்சாச்சு, தோசை ஊத்த ஆளில்லை

பெருமாள் கோயில்ல தீர்த்தம் வாங்க முடியலைங்க எனக்கு. வலது உள்ளங்கை மேல் பக்கமா திரும்பவே மாட்டேங்குது. பட்டர் உத்தரணியோட நிக்கிறார், என் கை கட்டைவிரல் வானத்தைப் பார்த்து நிக்குது. உடம்பையே ஒரு பக்கமா சாய்ச்சு வாங்கினேன், பாதி புடவையில. பின்னாடி நின்ன அம்மா "இடது கையால வாங்காம இருந்தாளே"ன்னு பெருமூச்சு விட்டாங்க.

பாத்ரூம்ல வழுக்கி கையை ஊன்றி விழுந்ததுல மணிக்கட்டுல ரேடியஸ்ங்கிற முன்கை எலும்பு முறிஞ்சது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் விரலை மடக்கி நீட்டணும், தோளைத் தூக்கி இறக்கணும்னு ஒரு பயல் சொல்லலை. வீட்டில வேற, "ஆட்டாதே, எலும்பு விலகிடும்"னு காவல். கட்டு பிரிச்சப்போ மணிக்கட்டு மரக்கட்டை, கூடவே தோளும் பிடிச்சுக்கிச்சு. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காம சொன்னது ரெண்டே வார்த்தை: "பிசியோ போங்க."

போனேன். பத்து சிட்டிங் பேக்கேஜ், நாலாயிரம், முன்பணம். பிசியோதெரபி வருஷக்கணக்கா படிக்கிற படிப்பு. படிச்சவர் உள் ரூம்ல இருந்தார். எனக்கு வயர் மாட்டினது, அஞ்சு நிமிஷம் முன்னாடி ரிசப்ஷன்ல பில் போட்ட அதே பொண்ணு! வலி குறைய லேசா கரண்ட் பாய்ச்சுற ஐ.எஃப்.டி. மெஷின் பதினஞ்சு நிமிஷம் சுர்ருன்னு எறும்பு ஊர்ற மாதிரி. அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். அப்புறம் மெழுகு ஒத்தடம். பொண்ணு ரீல்ஸ் பார்க்குது, மெஷின் பீப் அடிச்சா "முடிஞ்சுது மேடம், நாளைக்கு வாங்க." ஆறு நாள் இதேதான். என் கை எவ்வளவு திரும்புதுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அளந்து பார்த்தாங்களா? அளந்தாத்தானே ஆறாவது நாளும் அங்கேயே நிக்குதுன்னு தெரியும்!

மெழுகு சுகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை. ஆனா அந்தச் சூட்டுல சதை இளகியிருக்கிற கொஞ்ச நேரத்துக்குள்ளதான் மூட்டை மடக்கி, திருப்பி, இழுத்து வேலை வாங்கணுமாம். ஒத்தடம் வெறும் ஆயத்தம். இவங்க தினமும் கல்லைக் காயவெச்சுட்டு அடுப்பை அணைச்சுட்டாங்க.

இதைச் சொன்னது அரசு ஆஸ்பத்திரி பிசியோ பிரிவுல இருந்த ஒரு சின்னப் பொண்ணு. வரிசையில ரெண்டு மணி நேரம் நின்னேன், அது வேற கதை. ஆனா உட்கார்ந்ததும் பாகைமானி மாதிரி ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து ரெண்டு கையும் எவ்வளவு திரும்புதுன்னு அளந்துச்சு. நல்ல கை 85 டிகிரி, இந்தக் கை 30. அதை ஓ.பி. சீட்டுல எழுதுச்சு. "வீட்டில தோசைக் கரண்டி இருக்காம்மா?"ன்னு கேட்டுச்சு. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, கரண்டிக் காம்பைப் பிடிச்சு, மெதுவா வெளிப்பக்கம் சாய்க்கணும். கரண்டியோட கனமே கையைத் திருப்பிடும். பத்து தடவை, நாளைக்கு மூணு வேளை. அப்புறம் கும்பிடு போட்டபடி ரெண்டு கையையும் இடுப்பை நோக்கி இறக்கணும். வலிக்கும், ஆனா அரை மணியில அடங்கிடுற வலின்னா பயப்பட வேண்டாம், ராத்திரி வரைக்கும் குத்தினாலோ வீங்கினாலோ குறைச்சுக்கணும்னு சொல்லுச்சு. மொத்தம் பத்து நிமிஷம். காசு கிடையாது.

மூணு வாரத்துல 55. மாமியார் கேக்குறாங்க, "சமைக்காம கரண்டியை வெச்சுக்கிட்டு என்ன ஆட்டம்?" நேத்து வரைக்கும் ஆட்டாதேன்னாங்க, இன்னைக்கு "இன்னுமா சரியாகலை"ங்கிறாங்க. இவங்களுக்குப் பதில் சொல்லவே தனியா தெம்பு வேணும்.

இன்னைக்குக் காலையில அந்த கிளினிக்ல இருந்து போன். "மேடம், நாலு சிட்டிங் பாக்கி இருக்கு." பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னேன். ரீஃபண்ட் கிடையாதாம். "வீட்டில யாருக்காவது முட்டி வலி இருந்தா கூட்டிட்டு வாங்க, அதுல கழிச்சுக்கலாம்"ங்கிறா!