இரண்டைக் கேட்டால் மூன்றைத் தருகிறார்கள்

அட்டைப்பெட்டியைக் கத்தரிக்கோலால் கீறி, காற்றுக்குமிழ் உறையை உரித்து உள்ளே பார்த்தால், படுத்திருந்தது மூன்றாம் பாகம். நான் கேட்டது டோல்கீன் எழுதிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் இரண்டாம் பாகம். பணம் கட்டியது இரண்டாம் பாகத்துக்கு. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ரசீதில் அச்சாகியிருந்ததும் ‘தி டூ டவர்ஸ்’தான். ஆனாலும் வந்து சேர்ந்தது ‘தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்’.

இந்த உலகத்துப் புத்தக வியாபாரிகளுக்கு இரண்டாம் பாகத்தின் மீது அப்படி என்னதான் பரம்பரைப் பகையோ தெரியவில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் பாகம் ஐந்து பிரதிகள் இருக்கும், ஆளைப் பிடித்து இழுப்பதற்கு. மூன்றாம் பாகம் இரண்டு பிரதிகள் இருக்கும், வயிற்றெரிச்சலைக் கிளப்புவதற்கு. நடுவில் உள்ளது மட்டும் ‘வந்ததும் சொல்கிறோம் சார்’. அவர்கள் சொன்னதும் இல்லை, அது வந்ததும் இல்லை. அதனால்தான் இணையத்தில் வாங்கினேன். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேறு தொடராக இருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். டோல்கீன் இதை மூன்று நாவல்களாக எழுதவே இல்லை. ஆறு புத்தகங்களாகப் பிரித்து எழுதிய ஒரே நாவலை, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் காகிதம் விற்ற விலைக்கு அஞ்சிய பதிப்பாளர்தான் மூன்று துண்டாக வெட்டி வெளியிட்டார். எனவே இரண்டாம் பாகத்துக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. அது வெறும் நடு உடம்பு. அதைத் தாண்டிக் குதித்து மூன்றாவதைப் படிப்பது, வீட்டின் நடுச்சுவரை இடித்துவிட்டு மாடியில் குடியிருப்பதைப் போன்றது. 1954 ஜூலை 29 அன்று முதல் பாகம் வெளிவந்தது, நவம்பர் 11 அன்று இரண்டாம் பாகம் வெளிவந்தது. அந்தக் காலத்து வாசகர் 105 நாள் காத்திருந்தார் என்றாலும், காத்திருந்தவர் கையில் முறையாக இரண்டாவது வந்து சேர்ந்தது.

நான் எந்த நிலையில் காத்திருந்தேன் என்பது படித்தவர்களுக்குப் புரியும். முதல் பாகத்தில், மோரியாச் சுரங்கத்தின் பாலத்தில் பால்ராக் என்ற நெருப்பு அரக்கன் இழுத்துக்கொண்டு போக, மந்திரவாதி காண்டால்ஃப் கிழவர் பாதாளத்தில் விழுந்த பக்கத்தில் நான் உண்மையாகவே கண் கலங்கினேன். 2001, 2002, 2003 என்று வரிசையாகப் படங்கள் வந்தபோது, புத்தகத்தைப் படிக்காமல் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டவன் நான். அந்தச் சபதத்துக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடினால் எழுந்து சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்திருக்கிறேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் தொலைபேசி வந்ததாக நடித்து வெளியே போயிருக்கிறேன்.

அந்த இருபது ஆண்டுத் தவத்தைக் கலைக்க இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. மேலட்டை மட்டும் மாறியிருக்கலாம், உள்ளே சரியான புத்தகம் இருக்கலாம் என்ற அற்ப நம்பிக்கையில்தான் பிரித்தேன். இனி நடந்ததை நான் நிதானமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் மூன்று நாளாக என் தலைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சில தாள்களைப் புரட்டியதும் முன்கதைச் சுருக்கம் ஒன்று தென்பட்டது. முன்கதை என்றால் நான் படித்த கதைதானே என்று கண்ணை ஓட்டினேன்; நான் படித்தது முடிந்து, நான் படிக்காதது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தொடங்கிவிட்டது. பயணக் கூட்டத்தில் ஒருவனான போரோமிர் மனம் திருந்தி மாண்டதும், அவன் உடலைப் படகில் வைத்து அருவியில் விட்டதும் ஏதோ நீத்தார் அறிவிப்பு போல இரண்டு வரியில் முடிந்திருந்தன. பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு, கொத்தாகத் தாள்களைத் தள்ளி, முதல் அத்தியாயத்துக்கு வந்து ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். முதல் வரியிலேயே அதே கூட்டத்தைச் சேர்ந்த பிப்பின் எட்டிப் பார்க்கிறான். எங்கிருந்து? காண்டால்ஃபின் மேலங்கிக்குள்ளிருந்து. பாதாளத்தில் விழுந்தவரின் மேலங்கி மட்டும் தனியாகக் குதிரையேறிப் போகாது என்பதை ஊகிக்கும் அளவுக்கு எனக்கு அறிவு இருக்கிறது. (இதைப் படித்து உங்களுக்கும் கதை உடைந்துவிட்டது என்றால் மன்னியுங்கள், நான் மட்டும் ஏன் தனியாக வேக வேண்டும்?)

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அரசன் திரும்பப்போகிறான் என்பதைத் தலைப்பே காட்டிக்கொடுக்கிறதே என்று வருந்தி, மூன்றாம் பாகத்துக்கு ‘தி வார் ஆஃப் த ரிங்’ என்ற பெயரைத்தான் டோல்கீன் விரும்பினார். ஒரு தலைப்புக்கே அவ்வளவு கூச்சப்பட்ட மனிதரின் முழுப் புத்தகத்தையும் இவர்கள் வரிசை மாற்றி வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். 27 நிமிடம் புல்லாங்குழல் கேட்ட பிறகு ஒரு தம்பி பேசினார். “சார், நீங்க லார்ட் ஆஃப் த ரிங்ஸ்தானே ஆர்டர் பண்ணீங்க? அதுதானே சார் வந்திருக்கு?” என்றார். பந்தியில் சாம்பாருக்குப் பிறகு ரசம் கேட்டவன் இலையில் மோரை ஊற்றிவிட்டு, எல்லாம் சோற்றில் பிசைவதுதானே என்று கேட்பது நியாயமா என்றேன். அவர் சற்று யோசித்து, “படிச்சுப் பாருங்க சார், இதுவும் நல்லாத்தான் இருக்கும்” என்றார். ‘இரண்டு கோபுரங்கள்’ என்ற தலைப்பு எந்த இரண்டு கோபுரங்களைக் குறிக்கிறது என்பதில் ஆசிரியருக்கே தடுமாற்றம் இருந்து, பிறகு முதல் பாகத்தின் இறுதிக் குறிப்பில் ஆர்தாங்க், மினாஸ் மோர்குல் என்று ஒருவழியாகச் சொல்லிவைத்தார். அவர் தடுமாறினார் என்பதற்காக, இரண்டு என்ற எண் எது என்பதில் கடைக்காரரும் தடுமாற வேண்டுமா?

மாற்றித் தருவதற்குக் காரணம் தேர்ந்தெடுக்கச் சொன்னது செயலி. ‘சேதமடைந்துள்ளது’, ‘அளவு பொருந்தவில்லை’, ‘நிறம் பிடிக்கவில்லை’ என்ற மூன்றுதான் இருந்தன. ‘அளவு பொருந்தவில்லை’ என்பதை அழுத்தினேன். ஒரு விதத்தில் அதுவும் உண்மைதான்.

இன்று காலை மாற்றுப் பொதி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய கணமே கைக்குத் தெரிந்துவிட்டது, வம்சாவளியும் மொழியிலக்கணமும் காலவரிசையுமாகப் பின்னிணைப்புகளைச் சுமக்கும் அந்தப் புத்தகத்தின் கனம். மூன்று நாளாக அதைத்தானே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் பழையதன் பக்கத்தில் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். பொதி ஏன் இன்னும் அப்படியே கிடக்கிறது என்று மனைவி கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது, நிற்கவே இல்லை. அதற்குள் கைப்பேசியில் செய்தி: ‘இந்தப் புத்தகம் உங்களுக்கு எப்படி இருந்தது? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?’

இரண்டு என்று அழுத்தினேன். மூன்று என்று பதிவாகியிருக்கும்.