சின்னம்மா எந்தக் கட்டத்துக்குள்ளும் வரவில்லை

இங்கே கனடாவில், எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கும் அக்காவின் கணவர் போன குளிர்காலம் வீதி விபத்தில் இறந்துபோனார். இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு ஒன்பது வயது. அக்காவுக்கு இரவு வேலை. செத்தவீடு முடிந்து மூன்றாம் கிழமை, ஊரில் இருக்கும் அவருடைய தங்கைக்கு விசிட்டர் விசா போட உட்கார்ந்தோம். நான்தான் நிரப்பினேன். வரும் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "பிள்ளையள் ராவில தனிய படுக்கினம் எண்டு எழுதுங்கோ தம்பி" என்றார்.

விசா கிடைக்கவில்லை. தங்கும் காலம் முடிந்ததும் நாடு திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லை என்று கடிதம் வந்தது.

சரி, நிரந்தரமாக இருக்கவே ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாமா என்று பார்த்தோம். கனடாவின் குடும்பப் பிரிவில் சகோதரம் வரவேண்டுமென்றால் தாய் தகப்பன் இருவரையும் இழந்து, 18 வயதுக்குக் குறைந்து, கலியாணம் முடிக்காமலும் இருக்கவேண்டும். கனடாவில் இருக்கும், அல்லது ஸ்பொன்சர் செய்யக்கூடிய கணவன், பிள்ளை, பெற்றோர், சகோதரம் என்று எவருமே இல்லாத ஒருவர் ஒரேயொரு உறவினரைக் கூப்பிடலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. ஆனால் அக்காவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரில் அம்மா இருக்கிறார். அவர்கள் உயிரோடு இருப்பதே அந்த விதியில் தடையாகிவிடுகிறது. அம்மாவைக் கூப்பிடலாமென்றால் அதற்கு மூன்று வருட வருமானக் கணக்குக் காட்டவேண்டும். இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு இப்போது ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. அதோடு, பெற்றோரைக் கூப்பிட 2020இல் பெயர் கொடுத்து வைத்தவர்களிலிருந்துதான் வருடக்கணக்காக ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் அக்கா எதற்குப் பெயர் கொடுத்திருக்கப் போகிறார்?

இதே நாடு இதைவிட நன்றாகச் செய்தும் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

2019 மார்ச்சில் எத்தியோப்பிய விமானம் விழுந்து 157 பேர் இறந்தார்கள், அதில் 18 பேர் கனடியர்கள். 2020 ஜனவரி 8ஆம் தேதி தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் ஈரானிய ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டு 176 பேர் இறந்தார்கள். அவர்களில் 138 பேர் கனடாவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். 2021 மே மாதம் இந்த இரண்டு விமானங்களிலும் இறந்தவர்களின் உறவினருக்கு நிரந்தர வதிவிட உரிமைக்குத் தனி வழி திறந்தார்கள். முதலில் கனடாவுக்குள் இருந்தவர்களுக்கு, பிறகு வெளியே இருந்தவர்களுக்கும். அந்தப் பட்டியலில் சகோதரம் இருந்தது. மாமா, அத்தை, சித்தி, சித்தப்பா இருந்தார்கள். துக்க வீட்டில் யார் வந்து அடுப்பு மூட்டுவார்கள் என்று தெரிந்த யாரோ எழுதிய பட்டியல் அது. வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் அது தற்காலிகக் கொள்கை. குடிவரவுச் சட்டத்தின் 25.2ஆம் பிரிவில் அமைச்சருக்கு இருக்கும் அதிகாரத்தை வைத்துச் செய்தது. எத்தியோப்பிய விபத்துக் குடும்பங்கள் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு வந்தது, ஓராண்டு போல நடந்தது, கதவு மூடியது. இனி ஒரு பேரிடர் நடந்தால் அந்தக் குடும்பங்கள் கண்ணீரோடு கமெராக்களுக்கு முன்னால் நின்று முதலிலிருந்து கேட்கவேண்டும். சுனாமி நேரத்திலிருந்தே நம்மவர்களுக்கு இது தெரியும். அப்போது கனடா குடும்ப விண்ணப்பங்களை வேகமாகப் பார்த்தது, அதற்கு நன்றி. ஆனால் யாரைக் கூப்பிடலாம் என்ற பட்டியல் அப்படியேதான் இருந்தது.

லண்டனில் 2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் நிரந்தர வதிவிட உரிமை இல்லாதவர்களுக்கு முதலில் பன்னிரண்டு மாதம் தங்கலாம் என்றார்கள், பிறகு ஐந்து வருடத்தில் நிரந்தரமாகும் வழி கொடுத்தார்கள். அவர்களுக்குத் துணையாக வந்த உறவினருக்கு ஆறு மாதம். ஆறு மாதத்தில் ஒரு வீடு எழும்பி நிற்குமா?

அமெரிக்காவைப் பாருங்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு இறந்தவர்களின் மனைவி, கணவன், பிள்ளைகளின் குடிவரவு விண்ணப்பங்கள் செத்துப்போகாமல் இருக்க அந்த ஒரு சம்பவத்துக்கென்று விதி எழுதினார்கள். 2009இல் அதைப் பொதுச் சட்டமாக்கினார்கள்: அமெரிக்காவில் வாழும் விண்ணப்பதாரருக்கு ஸ்பொன்சர் செய்தவர் எப்படி இறந்தாலும், கோப்பு அவரோடு சேர்ந்து தானாக மூடாது. ஒருமுறை கொடுத்த சலுகை சட்டமாக முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் கேட்பது அதுதான். விமானமோ, தீயோ, வெள்ளமோ, எங்கள் அக்காவுக்கு நடந்தது போன்ற வீதி விபத்தோ, இங்கே ஒரு வீட்டில் எதிர்பாராத சாவு நடந்தால் அந்த வீட்டைத் தாங்க ஓரிரு உறவினர் வந்து நிரந்தரமாக இருக்க நிலையான விதி வேண்டும். யார் வேண்டும் என்பதை உயிரோடு இருப்பவர் சொல்லட்டும். விண்ணப்பிக்க மூன்று வருடமாவது கொடுங்கள், முதல் வருடம் பலருக்கு நினைவிலேயே இருக்காது. இதைச் சாட்டி எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். மரணச் சான்றிதழ் இருக்கிறது, பொலிஸ் அறிக்கை இருக்கிறது. இங்கே வருவதற்காக யாரும் தன் வீட்டில் சாவைக் கேட்டு வாங்குவதில்லை.

உங்கள் தொகுதி எம்பிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதித் தந்தால் ஆங்கிலத்தில் மாற்றித் தர நான் இருக்கிறேன்.

அக்காவின் பிள்ளைகள் இரவு ஒன்பதுக்குப் படுக்கும்போது ஊரில் விடிந்திருக்கும். சின்னவள் போனைத் தலையணையில் சாய்த்து வைப்பாள், சின்னம்மா அங்கிருந்து கதை சொல்லுவார். பின்னால் கோழி கூவுவது கேட்கும். பிள்ளைகள் தூங்கிய பிறகும் அவர் அழைப்பைத் துண்டிப்பதில்லை. வருகிற ஞாயிறு அடுத்த விண்ணப்பத்தை நிரப்பப் போகிறோம்.