எழவு வீட்டு முகத்தோட கேக்காதீங்க

பில் எவன்ஸ் ட்ரியோவோட வில்லேஜ் வான்கார்டு ரெக்கார்டிங் பத்தி யார் எழுதினாலும் சரி, ரெண்டாவது வரி தாண்டுறதுக்குள்ள, பாஸ்ங்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியம் வாசிச்ச ஆளு செத்துடுவான். ரொம்ப நாளா எனக்கு இது எரிச்சல். ஜாஸ் புதுசா கேக்க வர்றவங்க யாராவது "பியானோ ட்ரியோல எதுல ஆரம்பிக்கலாம்"னு கேட்டா போதும், பத்து பேர் இதைத்தான் சொல்வாங்க, சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கிட்டு, "இதைக் கேக்கும்போது ஒரு சோகம் இருக்கும் பாருங்க"ன்னு முன்கூட்டியே சொல்லி அனுப்பிடுவாங்க. அந்தப் பையனும் போய் உக்காந்து சோகத்தைத் தேடுவான். தேடுனா கிடைக்காமலா போயிடும்.

தெரியாதவங்களுக்காக விஷயத்தைச் சொல்லிடுறேன். 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை. நியூயார்க் கிரீனிச் வில்லேஜ்ல, செவன்த் அவென்யூல படியிறங்கிப் போற ஒரு பேஸ்மென்ட் கிளப், அதான் வில்லேஜ் வான்கார்டு. பியானோ பில் எவன்ஸ், 31 வயசு. டிரம்ஸ் பால் மோஷியன், 30. பாஸ் ஸ்காட் லஃபாரோ, 25 தான். மதியம் ரெண்டு செட், ராத்திரி மூணு செட் வாசிச்சாங்க, ரிவர்சைட் கம்பெனி ப்ரொட்யூசர் ஆரின் கீப்நியூஸ் அங்கயே மெஷினைக் கொண்டுவந்து அஞ்சு செட்டையும் டேப்ல பிடிச்சாரு. 11 நாள் கழிச்சு, ஜூலை 6ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்துல ஜெனிவாங்கிற ஊர்ப் பக்கம் லஃபாரோ ஓட்டிட்டுப் போன கார் மரத்துல மோதி, ஸ்பாட்லயே முடிஞ்சுது. எவன்ஸ் பல மாசம் மேடை ஏறல. அந்த ஒரு நாள் டேப்லேந்துதான் ரெண்டு எல்பி ரெக்கார்டு வந்துது, 1961ல 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்டு', அடுத்த வருஷம் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'.

சரி, சாவு நிஜம், துக்கம் நிஜம், யாரும் மறுக்கல. ஆனா ஜூன் 25ஆம் தேதி அந்த மூணு பேருக்கும் அது தெரியாதே! அவங்களுக்கு அது ஒரு வேலை நாள். கம்பெனிக்காரன் மைக் வெச்சிருக்கான், கொஞ்சம் ஒழுங்கா வாசிக்கணும், அவ்வளவுதான் கணக்கு. அந்த டேப்ல இருக்கிறது மூணு இளவட்டங்க ஒருத்தரை ஒருத்தர் சீண்டிக்கிட்டு, முந்திக்கிட்டு, சில இடத்துல நேராவே மல்லுக்கட்டிக்கிட்டு வாசிக்கிறது. அதுல போய் ஒப்பாரியைக் கேக்குறது, கேக்குறவன் கையோட கொண்டுபோன ஒப்பாரி.

இந்த ஒப்பாரி எங்கேந்து வந்துதுன்னா, முதல் எல்பிலேயே அதை வெச்சுத்தான் அனுப்பினாங்க. லஃபாரோ செத்த பிறகு எவன்ஸும் கீப்நியூஸும் உக்காந்து டேப்பைக் கேட்டு, ஒவ்வொரு பாட்டையும் பல தடவை வாசிச்ச டேக்குகள்லேந்து, இவன் எவ்வளவு பெரிய ஆளுங்கிறது தெரியுற மாதிரி பொறுக்கி எடுத்தாங்க. அட்டையிலயே லஃபாரோ பேரைத் தனியாப் போட்டாங்க. முதல் பாட்டு 'குளோரியாஸ் ஸ்டெப்', அவன் எழுதினது. கடைசி பாட்டு 'ஜேட் விஷன்ஸ்', அதுவும் அவன் எழுதினது. அதனால 'சண்டே'ங்கிறது ஒரு நினைவு மலர் மாதிரி தொகுத்த ஆல்பம். அப்படித் தொகுத்ததுல தப்பே இல்ல, நண்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க. ஆனா "இந்த ட்ரியோவோட இயல்பான முகம் இதுதான்"னு அதை வெச்சு முடிவு பண்றது சரியில்ல. அதுக்கு 'வால்ட்ஸ் ஃபார் டெபி'தான் கிட்ட வரும்ங்கிறது என் கட்சி. இதைச் சொன்னா 'சண்டே' கோஷ்டி சண்டைக்கு வரும், வரட்டும்.

சரி, வேற என்னென்ன சொல்றாங்கன்னு பாக்கலாம். "லஃபாரோ ரொம்ப ஓவரா வாசிக்கிறான், பாஸ் வேலையைப் பாக்காம பியானோ மேலயே ஏறி வர்றான்"னு ஒரு குரூப் இன்னும் இருக்கு. இதுல கொஞ்சம் உண்மை இருக்குன்னு நான் ஒத்துக்கிறேன். 'ஆல் ஆஃப் யூ' கேளுங்க, எவன்ஸ் ஒரு வரியை முடிக்கிறதுக்குள்ள கீழேந்து இவன் இன்னொரு வரி ஆரம்பிச்சுடுவான், தாளத்துக்கு அடியில தூண் மாதிரி நிக்க வேண்டிய வாத்தியம்னு பழகின காதுக்கு அது இடைஞ்சலாத்தான் தெரியும். வாசிக்கிற வேகத்துக்காகவே பாஸ்ல கம்பியைத் தாங்குற பிரிட்ஜை நல்லா இறக்கி, கம்பி விரல்பலகையை ஒட்டி நிக்கிற மாதிரி வெச்சிருந்தான். அப்படி வெச்சா சத்தம் குறையும், ஆனா ரெண்டு விரலால கிட்டார் மாதிரி ஓடலாம். இத்தனைக்கும் காலேஜ் சேர்ற வயசுலதான் பாஸையே தொட்டிருக்கான், அதுக்கு முன்னாடி கிளாரினெட், சாக்ஸஃபோன்தான். ஊதுற வாத்தியத்துலேந்து வந்தவன் யோசனை மெலடியாத்தான் ஓடும், அதுல ஆச்சரியம் இல்ல. 

ஆனா "ஓவரா வாசிக்கிறான்"னு சொல்றவங்க 'மை ஃபூலிஷ் ஹார்ட்' ட்ராக்கை ஒழுங்கா கேட்டாங்களாங்கிறது என் சந்தேகம். 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பத்துல முதல் பாட்டு. கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம், அவ்வளவு மெதுவா போகுது, அதுல லஃபாரோ பண்றது என்னன்னா அடியில ஒரு நோட்டைப் போட்டுட்டு அது கரையுற வரைக்கும் சும்மா விட்டுடுறான், அடுத்தது, மறுபடி விட்டுடுறான். சோலோ இல்ல, ஓட்டம் இல்ல, ஒண்ணும் இல்ல. 25 வயசுல, விரல்ல அவ்வளவு வேகத்தை வெச்சுக்கிட்டு, ரெக்கார்டிங் ஓடும்போது கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது சாதாரணமா? அதே பாட்டுல மோஷியனைக் கேளுங்க. பிரஷ்ஷை வெச்சு சிம்பலைத் தொட்டு விடுறாரு, அது சலசலன்னு பரவுது, அடுத்த தொடுதல் நீங்க எதிர்பாக்கிற இடத்துல வராது, கொஞ்சம் தள்ளி வரும். "டிரம்மர் என்ன பண்றாருன்னே தெரியல"ன்னு எழுதுறவங்க இருக்காங்க. ஹெட்ஃபோன் போட்டு பியானோவை மறந்துட்டு அவரை மட்டும் ஒரு தடவை தொடர்ந்து கேட்டா அந்தப் பேச்சு பேச மாட்டாங்க.

டெபிங்கிறது எவன்ஸோட அண்ணன் பொண்ணு. 'வால்ட்ஸ் ஃபார் டெபி' டியூனை 1956லயே தனியா பியானோல வாசிச்சு ரெக்கார்டு பண்ணியிருக்காரு, ஒண்ணரை நிமிஷம்கூடத் தாங்காது. வான்கார்டுல அதுக்கு வேற உயிர் வருது. ஆரம்பத்துல டிரம்ஸே கிடையாது, பியானோவும் பாஸும் மட்டும் மூணு பீட்ல, இது ஒரு பக்கம் அது ஒரு பக்கம்னு தனித்தனி வரி போட்டுப் போகும், அப்புறம் நாலு பீட்டுக்குத் திரும்புது பாருங்க, மோஷியன் பிரஷ்ஷோட உள்ள நுழையுறாரு, அந்த இடத்துல உக்காந்திருக்கிற ஆளுக்குக் காலு தானா ஆடணும். ஆடலன்னா வால்யூம் பத்தல. இதையா சோகம்ங்குறீங்க?

அடுத்த பெரிய பஞ்சாயத்து ஆடியன்ஸ் சத்தம். கிளாஸ் மோதுற சத்தம், யாரோ சிரிக்கிறது, கிசுகிசுன்னு பேச்சு, எல்லாம் டேப்ல இருக்கு. அடியில சப்வே ரயில் ஓடுறதுகூட கேக்குதுன்னு சத்தியம் பண்றவங்க இருக்காங்க. இதுல ரெண்டு கட்சி. ஒண்ணு, "எவ்வளவு பெரிய வாசிப்பு நடக்குது, இந்த ஜென்மங்க சாப்பிட்டுக்கிட்டு சிரிக்குதுங்களே"ன்னு கொதிக்கிறவங்க. இன்னொண்ணு, "அந்த கிளாஸ் சத்தம்தான் மாயாஜாலம், நாமளும் அங்க உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு"ன்னு உருகுறவங்க. எனக்கு ரெண்டு பேர் கூடவும் ஒத்துப்போகல. மொத ஆளுங்க கிட்ட ஒண்ணு கேக்கணும், ஞாயித்துக்கிழமை மதியம் காசு கொடுத்து குடிக்க வந்தவன் பேசாம வேற என்ன பண்ணுவான்? நம்ம கச்சேரிகள்ல தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் பாதி சபை கேன்டீனுக்குக் கிளம்புதே, அதை விட இது எவ்வளவோ மேல், இவங்க எழுந்து போகலயே. பாஸ் சோலோ வரும்போது மேடை சத்தம் இறங்குறதால டேபிள் பேச்சு மேல வந்து கேக்குது, அவ்வளவுதான். ரெண்டாவது ஆளுங்க, அதாவது கிளாஸ் சத்தத்துக்கு உருகுறவங்க, மன்னிக்கணும், நீங்க ரசிக்கிறது மியூசிக்கை இல்ல, பழைய நியூயார்க் போட்டோவை.

எனக்கு அந்தச் சத்தம் வேற ஒரு காரணத்துக்காக முக்கியம். அந்த மூணு பேரும் யாரையும் கவனிக்க வைக்கணும்னு வாசிக்கல. கூட்டத்தைக் கட்டிப்போடணும்னா எவன்ஸுக்கு வழி தெரியாதா என்ன, 1959ல ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்துல வாசிச்ச ஆளு. ஆனா இங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு கீபோர்டுக்குள்ளயே போயிட்டாரு. மூணு பேர் பேசிக்கிறாங்க, மத்தவங்க கேட்டா கேளு கேக்காட்டி போ. அந்த அலட்சியம் கூட்டம் சத்தம் போடுறதாலதான் நமக்குத் தெரியுது.

"அழகா இருக்கு, ஆனா ஹோட்டல் லாபி மியூசிக்"னு ஒரு குற்றச்சாட்டு. இதைச் சொல்றவங்களை நான் திட்டப் போறதில்ல, ஏன்னா இதுக்கு அப்புறம் வந்த ஆயிரக்கணக்கான பியானோகாரங்க எவன்ஸோட கோர்டை, அதாவது பல சுரத்தைச் சேத்து அழுத்துற கட்டை, மட்டும் எடுத்துக்கிட்டு லஃபாரோவை விட்டுட்டாங்க. பாதியைக் காப்பி அடிச்சதால வந்த வினை, பழி ஒரிஜினல் மேல விழுது. 'சம் அதர் டைம்' கேட்டா லாபி மாதிரி தெரியலாம், ரெண்டு கோர்டு மாறி மாறி ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ரெண்டு கோர்டு ஆட்டத்தை வெச்சுத்தான் 1958 கடைசில எவன்ஸ் 'பீஸ் பீஸ்' வாசிச்சாரு, அதே சங்கதி அப்படியே 'கைண்ட் ஆஃப் ப்ளூ'ல 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' ஆரம்பத்துக்கும் போச்சு. லாபில ஓடுற சரக்கு இல்ல அது. ஆனா எனக்கே அந்த ட்ராக் கொஞ்சம் இழுவைதான், மறைக்க மாட்டேன்.

லாபி பேச்சுக்கு நான் எடுத்து நீட்டுற பதில் 'மைல்ஸ்டோன்ஸ்'. அதுல லஃபாரோ போடுற போடு இருக்கே, பாட்டு போற திசையையே கையில எடுத்துக்கிட்டு, பியானோ எங்க போகணும்னு இவன் சொல்ற மாதிரி இருக்கும், எவன்ஸ் ஒரு கட்டத்துல வழிவிட்டு ஒதுங்கி ரெண்டு மூணு கோர்டு மட்டும் தூவிட்டு இருப்பாரு. இவன் மேடைக்கு வெளியிலயும் அப்படித்தான். எவன்ஸோட ஹெராயின் பழக்கத்தை நேருக்கு நேர் கேட்டு சண்டை போட்ட ஆளு. வாத்தியாருக்குப் பின்னாடி பவ்யமா நின்ன சிஷ்யன் மாதிரி இவனை வர்ணிக்கிற கட்டுரைகளைப் பாத்தா சிரிப்புதான் வருது.

2005ல அந்த நாள் முழுசும் வாசிச்ச வரிசையிலேயே மூணு சிடி செட்டா வந்துது. அது தேவையா, ஒரே பாட்டை மூணு தடவை யார் கேப்பான்னு நிறையப் பேர் கேக்குறாங்க. எனக்கு அதுதான் இந்த ஒப்பாரிக்கு மருந்து. முதல் 'குளோரியாஸ் ஸ்டெப்' நடுவுலயே கரன்ட் போய் ரெக்கார்டிங் அறுந்துடும், அதையும் அப்படியே வெச்சிருக்காங்க. அடுத்து என்ன வாசிக்கலாம்னு பேசிக்கிறது ஒரு ட்ராக். 'ஆல் ஆஃப் யூ' மூணு தடவை, மதியம் வாசிச்சதுக்கும் ராத்திரி வாசிச்சதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க, மதியம் தயங்கின இடத்துல ராத்திரி துணிஞ்சு போறாங்க. 'ஜேட் விஷன்ஸ்' ராத்திரி கடைசி செட்ல ரெண்டு தடவை, அடுத்தடுத்து. ஒன்பது பீட், சின்ன டியூன். எல்பில கடைசியா வரும்போது அது பிரியாவிடை மாதிரி இருக்கு. இங்க பாத்தா மொத டேக் சரியா வந்துச்சா வரலயான்னு இன்னொரு தடவை போட்டுப் பாக்குறாங்க, வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல, வேலைக்காரங்க வேலையை முடிக்கிற மாதிரி.

அந்த நாள் மொத்தம் 13 பாட்டு, ரெண்டு எல்பிலயும் சேத்து 12 தான் வந்துது. 'போர்கி' மட்டும் வெளிய நின்னுடுச்சு, அப்புறம் சிடி காலத்துல போனஸா ஒட்டினாங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கு, ஏன் விட்டாங்கன்னு சண்டை போடுற அளவுக்கு இல்ல.

புதுசா கேக்கப் போறவங்களுக்கு என் யோசனை: 'மைல்ஸ்டோன்ஸ்' மொதல்ல, சத்தமா வெச்சு. அப்புறம் 'வால்ட்ஸ் ஃபார் டெபி', ரெண்டாவது டேக்கும் கேளுங்க. 'மை ஃபூலிஷ் ஹார்ட்' மூணாவதா. 'சண்டே'யை அதுக்கப்புறம் எடுங்க, அதுலயும் 'சோலார்'ல ஆரம்பிங்க. பின்கதை எதையும் படிக்காம போங்கன்னு சொல்லலாம்னு பாத்தா, நானே மேல எல்லாத்தையும் எழுதித் தொலைச்சுட்டேன்.